காத்திருக்கும் கோட்டை

உங்கள் வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? பரண் மேலோ, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலோ, மாமியாரின் டிரங்குப் பெட்டியிலோ எங்கேயாவது நிச்சயம் கிடக்கும். தேடி எடுத்து வையுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

போன ஆடி மாதம் வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். வாலாஜாபாத் என்றதும், "ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்தானே?" என்று பல பேர் கேட்கிறார்கள். அது வாலாஜாபேட்டை. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயர்தான் இரண்டு ஊருக்கும். மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இது காஞ்சீபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டியிருக்கிற ஊர். கும்பினியார் காலத்தில் பட்டாளம் தங்கிய இடம். இப்போது இங்கே இருப்பது வேறு பட்டாளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் விடியுமுன்பே தெருமுனையில் வந்து நிற்கின்றன. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக, பாதித் தூக்கத்தில் ஆணும் பெண்ணும் ஏறுகிறார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனால், புத்தம் புதுக் கார்களைக் கூண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கூட்ஸ் ரயில் புறப்படுவதைப் பார்க்கலாம். பத்து நாளில் இரண்டு தடவை அதைப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

மாப்பிள்ளைக்கு அந்த வட்டாரத்தில்தான் உத்தியோகம். மோட்டார் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை அச்சில் வார்க்கும் பகுதியில் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு வாரம் வந்தால் வீடு கலகலவென்றிருக்கும். ராத்திரி ஷிப்டு வாரத்தில் காலையில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஐந்து நிமிஷமாவது முகம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் ஷிப்டு இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. மத்தியானம் ஒரு மணிக்கு அவர் கிளம்பும்போது குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். ராத்திரி பன்னிரண்டரைக்கு அவர் திரும்பும்போது குழந்தைகள் தூக்கத்தில். காலையில் அவர்கள் எட்டு மணி வண்டிக்கு ஓடும்போது அவர் தூக்கத்தில். ஒரே கூரையின் கீழ் ஆறு நாள், அப்பனும் பிள்ளைகளும் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள்.

தங்கைக்கு இரண்டு குழந்தைகள். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் ஏதோ கேட்க வந்து, "அப்பா எங்கேம்மா?" என்றாளாம். சின்னவள் சட்டென்று, "அப்பா இந்த வாரம் ஊர்லே இல்லே, ஆண்ட்டி" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சட்டை ஆணியில் தொங்குகிறது. ஆள் உள்ளறையில் குறட்டை விடுகிறார்! தங்கை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

இந்த வீட்டுக்கு ஒரு பழைய செருப்புப் பெட்டி வந்து சேர்ந்த கதையைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தார். அவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், பழைய விளையாட்டுச் சாமான்களை இவர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள். சாம்பல், பச்சை, பழுப்பு, சிவப்பு. நடுநடுவே குட்டிக் குட்டி மனிதர்கள், குட்டி ராட்சசர்கள். கூட ஒரு கசங்கிய புத்தகம். "இதைப் பெருக்கித் தள்ளவே ஒரு ஆள் வைக்கணும் போலிருக்கே!" என்று தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

லெகோ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்ஸன் என்று ஒரு தச்சர் இருந்தார். வேலை கிடைக்காத கஷ்ட காலத்தில், 1932-ல், மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்ய ஆரம்பித்தார். 1934-ல் வைத்த பெயர் லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைக் குறுக்கிச் செய்த பெயர் அது. பிளாஸ்டிக் செங்கல் 1949-ல் வந்தது. அந்த யோசனை சொந்தமல்ல; இங்கிலாந்தில் கிட்டிகிராப்ட் என்ற கம்பெனி செய்த கட்டைகளைப் பார்த்துச் செய்தது. முதலில் செய்தவை சரியாகப் பிடிக்கவில்லை. கட்டிய வீடு தூக்கினால் பிரிந்துவிடும். செங்கலின் வயிற்றுக்குள்ளே குழாய்களை வைத்து, மேலே இருக்கும் குமிழ்கள் அந்தக் குழாய்களின் இடுக்கில் இறுகப் பிடிக்கும்படி செய்து, 1958 ஜனவரி 28-ந் தேதி காப்புரிமைக்கு மனுச் செய்தார்கள். அந்த வருஷத்துச் செங்கலும் இந்த வருஷத்துச் செங்கலும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் இரண்டு இருந்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு இருந்தால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்! கணக்குப் பண்ணினவர்கள் சொல்கிறார்கள். நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது விளையாட்டுச் சாமானாகவே தோன்றவில்லை.

"அக்கா, இது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். காருக்கு நாங்க ஊத்தறதிலேயும் பாதி இதுதான். சுமார் இருநூத்து முப்பது டிகிரியிலே உருக்கி அச்சிலே அடிக்கணும். ஆனா இந்த அச்சைப் பாருங்க. ஓரத்திலே ஒரு பிசிறு இல்லே. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டு, அதிலே ஒரு பங்குகூடத் தப்பாம இருந்தாத்தான் இப்படிப் பிடிக்கும்."

தொழில் தெரிந்தவர் புகழ்ந்தால் அதன் ருசியே தனி. அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே பையனுக்கு அச்சு வார்ப்பதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தாராம். அப்பா தினமும் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்பது அந்தப் பையனுக்கு அன்றுதான் புரிந்ததாகத் தங்கை சொன்னாள்.

பெட்டியில் இருந்தது வெறும் வீடு கட்டும் செங்கல் அல்ல. 'ஹீரோய்கா' என்று ஒரு விளையாட்டு. லெகோ கம்பெனியார் 2009-ல் தங்கள் செங்கல்களைக் கொண்டே பலகை விளையாட்டுகள் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் 2011-ல் வந்தது இது. கடற்கரை, காடு, குகை, கோட்டை என்று நான்கு பெட்டிகள். அடுத்த வருஷம் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனி ஆட்டம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு ராஜ்யமே தரையில் விரிந்துவிடும். சில வருஷங்களில் கம்பெனியார் இதை நிறுத்திவிட்டார்கள். இன்று வேண்டுமென்றால் பழைய சாமான் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். தங்கை வீட்டுக்கு வந்தது எந்தெந்தப் பெட்டிகளிலிருந்தோ கலந்துபோன கதம்பம்.

ஆட்டம் இதுதான். முதலில் பலகையையே நீங்கள்தான் கட்ட வேண்டும். அறை, நடை, கதவு, பாலம் எல்லாம் துண்டு துண்டாகச் செய்து ஒன்றோடொன்று மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு வீரன். ஒருவன் முரட்டுக் காட்டுவாசி, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் மூலிகை தெரிந்த முனிவன், ஒருவன் கவசம் போட்ட போர்வீரன். பகடை உருட்டி நடை வழியே போக வேண்டும். வழியில் பொன் கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். பொன் சேர்ந்தால் ஆயுதம் வாங்கலாம். ராட்சசன் நின்றால் சண்டை. வாள் விழுந்தால் ராட்சசன் காலி. மண்டையோடு விழுந்தால் ராட்சசனின் பலத்துக்குத் தக்கபடி உங்கள் உயிர் குறையும். பின்னாலும் நகர வேண்டும். இரண்டும் சேர்ந்த பக்கம் விழுந்தால், அவனும் விழுவான், உங்களுக்கும் அடி. கேடயம் விழுந்தால் அந்தந்த வீரனுக்கு உரிய தனிச் சாமர்த்தியம் வேலை செய்யும்: மந்திரவாதி தூரத்திலிருந்தே அடிப்பான், முனிவன் தன் காயத்தை ஆற்றிக்கொள்வான்.

இதில் எனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. வீரனுக்கு நான்கு உயிர். நான்கும் போய்விட்டால் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்கிறான். அடுத்த முறை பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு உயிர் பெற்று எழுந்திருக்கிறான். நம் தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மனைக்குத் திரும்பிப் போய், மறுபடி தாயம் விழும்வரை காத்துக் கிடக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல் இதில் இல்லை. தாயம் விழாமல் அரை மணி நேரம் அழுத அனுபவம் உங்களுக்கு இல்லையென்றால், நீங்கள் பாக்கியசாலி.

இப்படி வேஷம் போட்டுச் சாகசம் செய்யும் ஆட்டங்களை மேல்நாட்டார் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது 1974-ல். நான் மறுக்கவில்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நம் பாட்டிமார் விரித்த பரமபதம் என்ன? ஏணியில் ஏறுவதும் பாம்பு வாயில் விழுவதுமாக, கடைசியில் வைகுண்டத்துக்கே போகிற யாத்திரை அல்லவா அது! 1890-களில் அது இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியும் ஆயிற்று. நம் பச்சீசி 1896-ல் அங்கே லூடோவாகிக் காப்புரிமையும் வாங்கிக்கொண்டது. கீழடியில் தோண்டினால் தந்தத்தில் செய்த பகடை கிடைக்கிறது. உருட்டுவது நமக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்புப் பெட்டிக்குத் திரும்புகிறேன்.

பெட்டியில் பகடை இல்லை. அந்தப் பகடைக்கு ஒரு விசேஷம்: ஆறு பக்கத்திலும் குமிழ் இருக்கும், ஒரு சில்லைப் பிடுங்கிவிட்டு வேறு சில்லைப் பதித்துப் பலனையே மாற்றிக்கொள்ளலாம். இத்தனை சாமர்த்தியமான பகடை எங்கோ கடல் கடந்த வீட்டில் சோபாவுக்கு அடியில் தங்கிவிட்டது போலும். பெரியவன் காகிதத்தில் பகடை செய்தான். அது நாலு உருட்டலில் நசுங்கியது. அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் எழுந்து போய், தம் பெட்டியைத் திறந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்து போட்டார்.

"வாள், ஓடுன்னு நாலு பலன்தானே? இதிலேயும் நாலு பக்கம்தானே இருக்கு. எடுத்துக்கோ."

பார்த்தீர்களா! ஒரு கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம். நடக்கும்போது வெறும் பக்கத்துக்கு நாலு கட்டம். சண்டை வந்தால் தாயம் கேடயம், இரண்டு வாள், மூன்று வாளும் மண்டையோடும், வெறும் கட்டை மண்டையோடு மட்டும். டென்மார்க்குத் தச்சர் ஆரம்பித்த கம்பெனியின் ராட்சசனும் காஞ்சீபுரத்துப் பாத்திரக் கடைப் பித்தளையும் இவ்வளவு லட்சணமாகச் சம்பந்தம் செய்துகொள்ளும் என்று யார் நினைத்தார்கள்? இதில் விதிமீறல் ஒன்றும் இல்லை. ஆட்டத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லி விதிப் புத்தகமே அழைக்கிறது.

ஆனால் மாற்றலாம் என்றதும் பெரியவன் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் ஒரு புது விதி கண்டுபிடிக்க ஆரம்பித்தான். "இந்தக் கதவு இப்போ மந்திரக் கதவு." "காட்டுவாசிக்குத் தண்ணியிலே பலம் ஜாஸ்தி." சின்னவள் வீட்டைக் கூரையோடு தூக்கும்படி கத்துவாள். கட்டுவதிலும் அதே தகராறு. "நீ தொட்டா கெடுத்துடுவே" என்று அவளை ஒதுக்கிவிட்டு, தனக்கு வசதியான குறுக்கு வழிகளை வைத்துக் கோட்டையைக் கட்டிக்கொள்வான். பாட்டி பஞ்சாயத்துப் பண்ணினார். ஆளுக்குப் பாதிக் கோட்டை கட்ட வேண்டும்; சேர்கிற இடத்தில் மட்டும் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். புது விதி வேண்டுமானால் ஆட்டம் தொடங்குமுன் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான். எல்லோரும் சரி என்றால்தான். சட்டசபையில்கூட இவ்வளவு சுருக்கமாகத் தீர்மானம் போடுவதில்லை.

இதெல்லாம் நான் போகுமுன் நடந்தது. நான் போன வாரம் இரண்டாம் ஷிப்டு வாரம். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையின் மேல் கோட்டை பாதி ஆட்டத்தில் நின்றது. சாயங்காலம் குழந்தைகள் ஆடினார்கள். எட்டு மணிக்குச் சின்னவள், "அப்பா ஆட்டம் பாக்கி" என்றாள். தங்கை கோட்டையைப் பலகையோடு தூக்கி பீரோவின் மேல் வைத்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. ஒரு காய்கூட அசையவில்லை!

இந்த இடத்தில்தான் அந்த 1958-ம் வருஷத்துக் குழாய்க்கும் குமிழுக்கும் நான் மனசுக்குள் நமஸ்காரம் செய்தேன். தாயத்தில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். யாராவது புடவைத் தலைப்பை உதறினால் போயிற்று. சதுரங்கத்தைத் தூக்கி பீரோ மேல் வைக்க முடியுமா? இதிலோ ராட்சசனும் வீரனும் தத்தம் குமிழில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். வேலைக்குப் போனவர் வரும்வரை ஆட்டம் காத்திருக்கிறது.

ராத்திரி பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வருவார். கை கால் கழுவிக்கொண்டு, பீரோ மேலிருந்து கோட்டையை இறக்கி, ஐந்து கட்டை போட்டு, தம் காட்டுவாசியை நகர்த்திவிட்டு, என்னென்ன விழுந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். காலையில் சின்னவள் பல் தேய்க்குமுன் கோட்டைக்கு ஓடுவாள். "அப்பா பாலத்தைத் தாண்டிட்டார்!" "அப்பா பொன் எடுத்திருக்கார்!" ஊரில் இல்லாத அப்பா ஒரு வழியாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை வந்தது வினை. காலையில் சின்னவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தைய இரண்டு நாள் காகிதத்தையும் எடுத்து வந்தாள். மூன்றையும் தரையில் பரப்பினாள்.

"பெரியம்மா, இதைப் பாருங்க. பொன் பெட்டிக்கு நான் கிட்டே இருந்தா மட்டும் அப்பாவுக்கு வெறும் கட்டை விழுது. மூணு நாளும்."

பார்த்தேன். உண்மைதான். ராட்சசன் எதிரே வந்தபோதெல்லாம் மண்டையோடு. பொன்னுக்குப் போகும் வழியில் கால் நகரவே இல்லை. மாப்பிள்ளை அச்சு வார்ப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம். பொய்க் கணக்கு எழுதத் தெரியவில்லை.

"குழந்தைதானே, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விட்டிருப்பார்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருக்கவே கூடாது. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"அப்போ அப்பா என்கூட ஆடவே இல்லே. சும்மா நகர்த்தி வெச்சுட்டுப் போறார்."

பள்ளிக்கூட வண்டி வந்துவிட்டது. அவள் போனபின் நானும் தங்கையும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. குழந்தைகளிடம் தோற்றுப் போவதை நாம் எல்லோரும் பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் என் மகனிடம் எத்தனை தடவை வேண்டுமென்றே தோற்றிருக்கிறேன்! அவன் அப்போது என்ன நினைத்தானோ, கேட்டதே இல்லை.

எழுந்ததும் மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னோம். காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, திருட்டுப் பிடிபட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஒரு மணி நேரம்கூட அவளோட இருக்க முடியலே. அதனாலேதான் அக்கா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. தீர்ப்புச் சொன்னது பாட்டிதான்.

"இனிமே என் முன்னாலே போடு. எனக்கு எப்படியும் தூக்கம் வராது. விழுந்ததை நான் சொல்றேன், நீ எழுது."

சாயங்காலம் சின்னவளிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னதும், "பாட்டி கையெழுத்துப் போடணும்" என்றாள். பாட்டி ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரி எனக்கு விழிப்புக் கொடுத்தது. கூடத்தில் சின்ன விளக்கு. பித்தளைக் கட்டை தரையில் உருளும் சத்தம். "மூணு." "சரியாப் பாரும்மா." "கண்ணாடி போட்டிருக்கேன்டா, மூணுதான்." கட்டை நின்றபிறகும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டில் சாதம் விழும் ஓசை. முழங்கால் வலிக்கு எந்த டாக்டரிடம் போவது என்று ஒரு பேச்சு. பாட்டியின் அண்ணன் வீட்டு நிலத்தைப் பற்றி ஒரு பேச்சு. ஒரு வருஷமாக அந்த அம்மாள் மகனிடம் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டி கிடைக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். கட்டாயம் இதே வேண்டியதில்லை. வீட்டில் எந்தச் செங்கல் கட்டைகள் இருந்தாலும் போதும். குமிழ் இறுகப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடிப்பலகையாக ஒரு பெரிய தகடு, சுவர்களுக்கு நாற்பது ஐம்பது கட்டை, ஆளுக்கு ஒரு காய், ராட்சசனுக்குக் கறுப்புக் கட்டை, பொன்னுக்கு மஞ்சள் கட்டை. பகடைக்குத் தாயக்கட்டை. இதற்குத்தான் முதலிலேயே தேடச் சொன்னேன். ஒட்டாத கட்டைகளாக இருந்தால் அட்டைப் பெட்டி மூடியில் ஆடுங்கள். ஆனால் அதை பீரோ மேல் தூக்கி வைக்கும் ஆசை வேண்டாம்.

கடையில் புதிதாக வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு அது கட்டாயம். வெளிநாட்டுப் பெட்டிகள் ஏன் இந்த விலை என்று மலைக்கிறவர்களுக்கு ஒரு காரணம்: இறக்குமதி வரி 2020-ல் இருபதிலிருந்து அறுபது சதவிகிதமாகவும், 2023-ல் எழுபதாகவும் ஏறியது. இன்னொரு முக்கியமான விஷயம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பொடித் துண்டுகளைத் தரையில் விடவே கூடாது. வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துவிடும். பீரோ மேல் வைப்பதற்கு இது இரண்டாவது காரணம். வெறுங்காலில் ஒரு துண்டை மிதித்துப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை.

காடும் குகையும் கட்டத் தெரியாதே என்று கவலைப்படும் தாய்மார்கள் நவராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். கொலுப் படிக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்க வைத்துக் காடு செய்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, காஞ்சீபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் கடை போட்டு உட்கார வைத்தவர்கள்தானே நாமெல்லாம்! அந்தக் காட்டுக்குள் ஒரு ராட்சசனை நிறுத்தினால் ஆட்டம் ரெடி.

நான் ஊருக்குக் கிளம்பிய தினம் சனிக்கிழமை. ஆறு மணிக்கே சின்னவள் எழுந்துவிட்டாள். நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேல் எட்டிப் பார்த்தாள். ஒரு கூச்சல்!

காட்டுவாசி, பொன் பெட்டிக்கு ஒரு கட்டம் முன்னால், ராட்சசன் காலடியில் மல்லாந்து கிடந்தான். நான்கு உயிரும் போயிருந்தன. பக்கத்தில் காகிதம். மகன் கையெழுத்தில் ஐந்து எண்கள். கடைசியில், 'வெறும் கட்டை. நான் பார்த்தேன்' என்று பாட்டியின் நடுங்கும் எழுத்தில் ஒரு வரி.

"நிஜமாவே செத்துட்டார்! பெரியம்மா, அப்பா நிஜமாவே செத்துட்டார்!" என்று குதித்தாள்.

"வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை காலங்காத்தாலே என்ன பேச்சுடி இது!" என்று தங்கை அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "மெள்ளப் பேசு. அப்பா தூங்கறார்."

"தூங்கலே" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "செத்துக் கிடக்கேன். இன்னிக்கு ராத்திரி எழுந்திருக்கறேன், பாரு."